கீழ்ப்பாதித் திரை தொடுவதற்கு அசையவில்லை: கைப்பேசியைக் கணினியிலிருந்து இயக்க வழி உண்டா?

ஆத்தங்குடியிலிருந்து கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அப்பச்சி தொடங்கிய தரைக்கல் (டைல்) பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். நேற்று முன்தினம் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. சிமெண்ட் கையோடு எடுத்தேன்; நழுவித் தரையில் விழுந்துவிட்டது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை, படம் முழுதாகத் தெரிகிறது. ஆனால் திரையின் கீழ்ப்பாதியைத் தொட்டால் எதுவும் நடப்பதில்லை. பூட்டைத் திறக்கும் எண்களில் பெரும்பாலானவை அந்தப் பாதியில்தான் இருக்கின்றன.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் உடைந்த கற்களுக்கு ஈடாகப் புதுக் கல் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூ வேலையின் படங்கள், பச்சையும் காவியும் எந்த அளவில் கலந்தேன் என்ற குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. திரை மாற்ற ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கணினித் திரையில் கைப்பேசியைப் பார்த்து, மவுஸால் இயக்க முடியுமா? ஆண்ட்ராய்டு 12, கணினியில் விண்டோஸ் 10. கணினியிலிருந்து கைப்பேசியை இயக்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங் என்ற அமைப்பை நான் இதுவரை திறந்ததே இல்லை.

தேவகோட்டையிலிருந்து

விண்டோஸிலேயே கைப்பேசியைக் கணினியோடு இணைக்கும் போன் லிங்க் செயலி இருக்கிறதே, அதைப் போடுங்கள் தம்பி. தனியாக எதுவும் தேவையில்லை.

காரைக்குடியிலிருந்து

அண்ணே, போன் லிங்க்கில் திரையை முழுதாகக் காட்டி இயக்கும் வசதி சில குறிப்பிட்ட கைப்பேசிகளுக்கு மட்டும்தான். அதற்கும் முதலில் கைப்பேசியைத் திறந்து அனுமதி தர வேண்டும். இவருக்குப் பூட்டே திறக்கவில்லை.

தம்பி, கணினியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முதலில் ஓர் ஓடிஜி இணைப்பான் வாங்குங்கள். எந்தக் கைப்பேசிக் கடையிலும் கிடைக்கும். அதன் ஒரு முனையைக் கைப்பேசியிலும் மறுமுனையில் கணினியின் சாதாரண மவுஸையும் செருகினால் திரையில் அம்புக்குறி தோன்றும். தொடு உணர்வு போன இடத்திலும் மவுஸ் சொடுக்கு வேலை செய்யும். பூட்டைத் திறந்துவிடலாம்.

அடுத்து, அமைப்புகளில் பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை சொடுக்குங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யூஎஸ்பி டீபக்கிங், வயர்லெஸ் டீபக்கிங் இரண்டையும் இயக்குங்கள். கைப்பேசியில் இருப்பது ஒரே துளை; மவுஸைக் கழற்றிவிட்டுக் கணினிக் கம்பியைச் செருகினால், 'அனுமதிக்கவா?' என்று கேட்கும் பொத்தான் கீழ்ப்பாதியில் வந்து நிற்கும், உங்களால் தொட முடியாது. அதனால்தான் கம்பியில்லா வழியைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 11 முதல் அது உண்டு.

கணினியில் ஸ்க்ரீன் காப்பி என்ற மென்பொருளை இறக்குங்கள். உச்சரிப்பு அப்படி, எழுதும்போது scrcpy என்று ஆறே ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். ஜெனிமொபைல் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, மூல நிரல் திறந்தே இருக்கிறது. மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்; அதே பெயரில் வேறு தளங்கள் தருவதைத் தொடாதீர்கள். அதனுடனேயே, கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி (adb) என்ற கருவியும் வரும். கைப்பேசியில் 'இணைப்புக் குறியீட்டால் இணை' என்பதைத் திறந்தால் 6 இலக்க எண் ஒன்றும் ஒரு முகவரியும் தெரியும். ஏடிபியின் 'பேர்' (pair) கட்டளையில் அந்த முகவரியைக் கொடுத்து, கேட்கும்போது 6 இலக்க எண்ணைத் தட்டுங்கள்.

ஆத்தங்குடி

அக்கா, மவுஸைச் செருகியதும் அம்புக்குறி வந்தது. இரண்டு நாள் கழித்துப் பூட்டுத் திறந்ததைப் பார்த்தபோது எனக்கு மூச்சே வந்தது. இணைந்துவிட்டதாகவும் செய்தி வந்தது. ஆனால் அடுத்து ஏடிபியின் 'கனெக்ட்' (connect) கட்டளையைக் கொடுத்தால் மறுக்கிறது. அதே முகவரிதான் கொடுத்தேன், மூன்று முறை.

காரைக்குடி

அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். முகவரியின் கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். இணைப்புக் குறியீட்டுப் பெட்டியில் வருவது அந்த ஒரு முறைக்கு மட்டுமான எண். பெட்டியை மூடிவிட்டு, வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்தின் மேலே இருக்கும் முகவரியைப் பாருங்கள். எண் வேறாக இருக்கும். 'கனெக்ட்' கட்டளைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். இணைந்ததும் ஸ்க்ரீன் காப்பியை ஓட்டுங்கள்.

இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். நம் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் கனமானது. ரௌட்டர் முகப்பிலும் நீங்கள் இரண்டாங்கட்டிலும் இருந்தால் படம் திக்கித் திணறும். இன்றைக்காவது ரௌட்டர் பக்கத்திலேயே உட்காருங்கள்.

ஆத்தங்குடி

படம் வந்துவிட்டது! ஆனால் கணினியில் சொடுக்கினால் எதுவும் நகரவில்லை, பார்க்க மட்டுமே முடிகிறது. படமும் நின்று நின்று வருகிறது.

பள்ளத்தூரிலிருந்து

சில நிறுவனக் கைப்பேசிகளில் யூஎஸ்பி டீபக்கிங்குக்குக் கீழேயே 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்ற இன்னொரு விசை உண்டு. அது இல்லாமல் கணினியின் சொடுக்கைக் கைப்பேசி ஏற்காது. இயக்கிவிட்டு ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். எழுந்ததும் பூட்டு எண்ணைக் கேட்கும், வயர்லெஸ் டீபக்கிங்கும் அணைந்திருக்கும். ஆகவே ஓடிஜி மவுஸைக் கழற்றிவிடாதீர்கள். இணைப்புக் குறியீடு மறுபடி வேண்டாம், 'கனெக்ட்' மட்டும் போதும்.

படத்தின் வேகத்துக்கு ஸ்க்ரீன் காப்பியில் படத்தின் அளவை 1024 பிக்சலாகவும், நொடிக்கு 8 மெகாபிட் என்று இருப்பதை 2ஆகவும் குறைத்து ஓட்டுங்கள். ஆனால் வண்ணம் பார்க்க இந்தத் திரையை நம்ப வேண்டாம். அமுக்கி அனுப்பிய படத்தில் காவி வேறு மாதிரி தெரியும். மூலப் படத்தைக் கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள்: வைஃபை வழி இயக்கிக்கொண்டே, கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைச் சொடுக்கினால் போதும். வேறு எதையும் விட அதை முதலில் செய்யுங்கள்.

ஆத்தங்குடி

இயங்குகிறது. 412 படங்களையும் நகலெடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் எழுதும்போது ஆங்கிலம் விழுகிறது, தமிழ் விழவில்லை. வங்கிச் செயலி வெறும் கறுப்பாகத் தெரிகிறது. இரண்டும் கோளாறா?

பள்ளத்தூர்

இல்லை. விசை அழுத்தங்களாக அனுப்பும்போது ஆங்கில எழுத்துகள் மட்டுமே போகும். தமிழை நோட்பேடில் தட்டி, நகலெடுத்து, கைப்பேசி ஜன்னலில் கன்ட்ரோல், வி அழுத்துங்கள், அப்படியே ஒட்டிக்கொள்ளும். வங்கிச் செயலி தன் திரையை யாரும் படம்பிடிக்க விடாது, அது உங்கள் பாதுகாப்புக்காக. கைப்பேசித் திரையிலேயே ஓடிஜி மவுஸை வைத்துப் பாருங்கள்.

இடது ஆல்ட்டையும் ஓ விசையையும் சேர்த்து அழுத்தினால் கைப்பேசித் திரை அணைந்து கணினியில் மட்டும் ஓடும், மின்கலம் மிஞ்சும்.

காரைக்குடி

திரை மாற்றக் கொடுக்கும் முன் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள், தம்பி. பூட்டு எண்ணைக் கடையில் எழுதிக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் நீங்களே திறந்து காட்டுங்கள். தொலைபேசியில் யாராவது 'உதவுகிறேன், டீபக்கிங்கைத் திறங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள்.

ஆத்தங்குடி

அப்படியே செய்கிறேன் அக்கா. கலவைக் குறிப்பும் கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் முதல் கல்லை ஊற்றுகிறேன்.