பார்த்தோம், இனிப் பார்க்க முடியுமா? பழைய ஒளிபரப்புகள் பற்றிக் கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

பெருந்துறை

இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினிக்காக மொட்டை மாடியில் ஆன்டெனாவுக்கு இரும்புக் குழாய் நட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 1982 பிப்ரவரியில் இலங்கையில் அந்த நிலையம் தொடங்கியது. பிதுருதாலகால மலை உச்சியிலிருந்த அதன் கோபுரம் நமக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சென்னை அதில் பாதியைச் சற்றே தாண்டிய தூரம்தான். ஆனாலும் சென்னைப் படம் வராது, இலங்கைப் படம் சில இரவுகளில் வரும்.

பனிக்காலத்தில் காற்று அசையாத ஓர் இரவு. கொசு பறந்துகொண்டிருந்த திரை திடீரென்று துலங்கியது. ஓர் இளம்பெண் தம்பூராவுக்கு முன் அமர்ந்து தமிழில் விருத்தம் பாடிக்கொண்டிருந்தார். அப்பா ஆன்டெனாவைத் திருப்பப் போனவர் படியிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் பாடியவரின் பெயர் திரையில் வந்தது. முதலில் சிங்கள எழுத்தில். அடுத்துத் தமிழில் வரும் என்று காத்திருந்தபோது மீண்டும் வெறும் இரைச்சல். அந்தக் குரலை அதன்பின் எங்கும் கேட்டதில்லை. அந்நிகழ்ச்சி எங்காவது நாடாவில் இருக்குமா என்பதே என் கேள்வி.

காங்கேயம்

எந்த ஒளிபரப்பும் அழிவதில்லை என்று படித்திருக்கிறேன். அலைகள் விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கின்றன. என்றாவது ஒரு நாள் தகுந்த கருவி வந்தால் பிடித்துவிடலாம். சேலத்தில் எங்கள் சித்தப்பா வீட்டில், நின்றுபோன ஒரு நாடகத்தின் காட்சியைப் பல மாதம் கழித்து நள்ளிரவில் பார்த்ததாகச் சித்தி சத்தியம் செய்வார்.

கோபி

என்னை உறுத்துவது பாட்டல்ல, மஞ்சள் காடு. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சிக்காக எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) தோட்டத்தில் படம் எடுத்தார்கள். ஒருவர் தோளில் கேமரா, இன்னொருவர் தோளில் பதிவுப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் கேபிள். இருவரும் வரப்பில் ஒன்றாகவே நடக்க வேண்டியிருந்ததைப் பார்த்துச் சிறுவர்கள் நாங்கள் சிரித்தோம். ஒளிபரப்பான மாலை, பஞ்சாயத்து டி.வி.க்கு முன் ஊரே கூடிவிட்டது. அப்பாரு திரையில் பேசும்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்க, அவர் மட்டும் தம் முகத்துக்குப் பின்னால் தெரிந்த பயிரைப் பார்த்து, "அந்த மூலையில இலைப்புள்ளி விழுந்திருக்குதே, அன்னைக்கு நான் பாக்கவே இல்லையே" என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் பேசியதும் அசைந்ததும் அந்த ஒரே பதிவில்தான் இருந்தன.

அவர் காலமான பிறகு விசாரித்தேன். அந்த நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டிருப்பார்கள் என்பதே கேட்ட இடத்தில் கிடைத்த பதில். நாடா வெளிநாட்டிலிருந்து வந்த, விலை மிகுந்த காலம் என்பது புரிகிறது. ஆனாலும் தலைவர்களின் உரைகளுக்கு ஒரு அலமாரி இருந்தபோது, விவசாயி பேசிய நாடாவை மட்டும் கரும்பலகையாக நடத்தியது சரி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கோவை, பீளமேடு

காங்கேயத்து நண்பருக்கு மறுப்புச் சொல்லியே ஆக வேண்டும். அலை ஒளியின் வேகத்தில் போகிறது. 1983இல் கிளம்பியது இன்று 40 ஒளியாண்டுகளையும் தாண்டிவிட்டது. அதைத் துரத்திப் பிடிக்க எந்தக் கருவியாலும் இயலாது. எதிலோ மோதித் திரும்பினாலும், தூரம் கூடக்கூட வலுவிழந்து, விண்வெளியின் பின்னணி இரைச்சலுக்குள் அமிழ்ந்திருக்கும். சித்தி கண்டது மறு ஒளிபரப்பாகவே இருக்கும். இப்படிப்பட்ட கதை பழையது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து நிலையம் ஒன்று 1950இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதன் பழைய பெயர் அட்டை 1953இல் இங்கிலாந்தில் திரையில் தோன்றியதாகச் செய்தி பரவியது. விசாரித்ததில் அது மோசடி என்று தெரிந்தது.

பெருந்துறையார் கண்டதற்கு மாயம் தேவையில்லை. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. கோபுரம் நிற்கும் உயரத்தைப் பொறுத்து நூறு, இருநூறு கிலோமீட்டரில் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றின் மீது வெப்பக் காற்று படியும் இரவுகளில் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, அந்த அடுக்குக்குள்ளேயே நெடுந்தூரம் வரும். அடுக்கு கலைந்தால் படமும் போகும். பெயர் தமிழில் வருவதற்குள் படம் மறைந்ததற்கு அதுவே காரணம்.

மீட்பதைப் பற்றி: தொலைந்தது வேறு, பதியப்படாதது வேறு. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் கபில்தேவ் அடித்த 175 ஓட்டங்களைத் தொலைக்காட்சிக் கேமரா எதுவும் படம் பிடிக்கவில்லை. அதைத் தேடுவதில் பயனில்லை. பதிந்து அழித்தவற்றின் கதை வேறு. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் இரண்டு அங்குல நாடாக் கருவியைக் கொண்டுவருமுன், திரைக்கு எதிரே படச்சுருள் கேமராவை வைத்து ஒளிபரப்பைப் பிடித்தார்கள். நாடா வந்த பிறகும் வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க அப்படிப்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. பி.பி.சி. தன் நாடாக்களை அழித்துவிட்டபோதும், 'டாக்டர் ஹூ' தொடரில் காணாமல் போயிருந்த ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது அதனால்தான். வேறு சில கறுப்பு வெள்ளைச் சுருள்களில், நிறத்தைச் சுமந்த அலை நுண்புள்ளிகளாகப் பதிந்திருந்ததைக் கண்டு வண்ணத்தையே மீட்டார்கள். மனிதன் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 பயணத்தின் மூல நாடாக்கள் மறுபதிவுக்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் சொன்னது. பிறகு ஒளிபரப்பு நிலையங்களிடம் இருந்த பிரதிகளைக் கொண்டு படத்தைச் சீராக்கினார்கள்.

'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை வெளிநாட்டில் யாரும் வாங்கவில்லை. ஆகவே கோபிக்காரருக்கு அந்த வழி இல்லை. வீட்டில் பதிந்தவர்களே கதி.

பல்லடம்

டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) கலர் டி.வி.யும் வாடகைக்கு விட்ட கடையில் வேலை பார்த்தவன் நான். ஒருவர் தம் தங்கையின் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். இணைச்சீர்ச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது, கூறைச் சேலையைக் கையில் எடுக்கும் கணத்தில் படம் வெட்டி, 'ஒளியும் ஒலியும்' ஓடத் தொடங்குகிறது. வீட்டில் யாரோ பதிவைத் தடுக்க உடைத்திருந்த பட்டையின் துளைமேல் செலோடேப் ஒட்டிவிட்டு வெள்ளிக்கிழமைப் பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். அழிப்புத் தலை நாடாவின் முழு அகலத்தையும் முன்கூட்டியே துடைத்துவிடுவதால் அடியிலிருந்த கல்யாணம் திரும்பாது என்றேன். ஆனால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும், அதற்குப் பின் அறிவிப்பாளர் மறுநாள் நிகழ்ச்சிகளைப் படிப்பதும் இருந்தன. "இது கிடைக்காத பொருள், பத்திரமாக வையுங்கள்" என்றேன். அவர் என்னை அடிக்காமல் போனதே பெரிது.

கோபி அண்ணா கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் டெக் வைத்திருந்தவர்களின் கல்யாணக் கேசட்டுகளைக் கேளுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் முடிந்த பின் மிச்சமிருக்கும் நாடாவில்தான் டி.வி. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பதிந்திருக்கும். கிடைத்தவுடன் டெக்கில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, ஓட்டினால் டெக்கின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். வெயிலில் காயவைக்காதீர்கள். அடுப்பில் மிதமாகச் சூடேற்றுவது என்று படித்திருப்பீர்கள். அது ஈரத்தால் பசை இளகிப் பிசுபிசுத்த சில வகைத் தொழில்முறை நாடாக்களுக்கான வைத்தியம், வீட்டு வி.எச்.எஸ். கேசட்டுக்கு வேண்டாம். கேசட்டின் ஓடு உடைந்திருந்தால் நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றலாம். படத்தை நேராகக் கணினிக்குக் கொடுத்தால் கோடுகள் நடுங்கும். நடுவே நேரம் சீராக்கும் கருவி ஒன்று வேண்டும். இப்போது தலையிலிருந்து வரும் மூல அலையையே பதிந்து மென்பொருளால் படமாக்கும் முறையும் வந்துவிட்டது. எதைச் செய்தாலும், நாடா நல்ல நிலையில் முதல் ஓட்டத்தில் கொடுப்பதைப் பத்தாவது ஓட்டத்தில் கொடுக்காது.

காங்கேயம்

மறு ஒளிபரப்பு என்று பீளமேட்டுக்காரர் எளிதாகச் சொல்லிவிட்டார். நாடாவை அழித்துவிடுவார்கள் என்றால் மறு ஒளிபரப்பு எதிலிருந்து வந்தது?

கோவை, பீளமேடு

அழிப்பது ஒளிபரப்பிய மறுநாளே அல்ல. நாடகம் சில மாதம் அலமாரியில் இருந்து, இடம் போதாதபோது போயிருக்கும். இதற்கு மேல் சித்தியோடு நான் வாதிடத் தயாரில்லை.

அந்தியூர்

எங்கள் மாமா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. சிலவற்றின் முதுகில் 'சென்னை டி.வி.' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. கோபிப் பக்கத்துச் சொந்தங்கள் வந்து பார்த்ததாகவும் அத்தை சொல்கிறார். பல்லடத்தார் சொன்னபடி எதையும் ஓட்டவில்லை. ஆனால் அவற்றில் பாதி வி.எச்.எஸ். கேசட்டைவிடச் சிறியவை, பீட்டாமேக்ஸ் என்று தோன்றுகிறது. ஓடும் நிலையில் பீட்டா டெக் வைத்திருப்பவர் ஈரோடு, கோவைப் பக்கம் யாராவது உண்டா?