'ஒளியும் ஒலியும்' நாட்கள் உண்மையிலேயே பொற்காலமா?

திண்ணை நேயர்:
சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. எங்கள் தெருவுக்கு முதல் பெட்டி வரப் பத்தாண்டுகள் ஆயின. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். அரை மணி நேரத்தில் ஐந்தாறு திரைப்பாடல்கள் வரும். அடுத்து எது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிக்குப் பிடித்த கறுப்பு வெள்ளைப் பாடலை நாங்களும், நாங்கள் காத்திருந்த புதுப் படப் பாடலைப் பாட்டியும் பார்த்தே ஆகவேண்டியிருந்ததால், மூன்று தலைமுறையின் இசை ஒரே கூடத்தில் பழகியது. இன்று என் மகன் காதில் ஒலிப்பது எனக்குத் தெரியாது, நான் கேட்பது அவனுக்குத் தெரியாது. எல்லாம் எப்போதும் கிடைப்பதைவிட, வாரம் ஒருமுறை எல்லோருக்கும் கிடைத்ததே இசைக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

சன்னல் கம்பி:
'எல்லோருக்கும்' என்ற சொல்லை ஏற்க முடியவில்லை, ஐயா. நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவன் அல்லன். தெருவில் நின்று சன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தவன். உள்ளே யார் உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பது எந்த ஊரிலும் சொல்லாமலே தெரிந்திருந்தது. 1982 ஆகஸ்டில் தில்லியிலிருந்து வரும் தேசிய நிகழ்ச்சி தொடங்கிய பின், இரவு எட்டரை மணி வாக்கில் தமிழ் விடைபெற்று இந்தியும் ஆங்கிலமும் வந்துவிடும். வேறு அலைவரிசை இல்லாததால் பார்த்தோமே தவிர, நாம் தேர்ந்தெடுத்துப் பார்க்கவில்லை. நானாகத் தேர்ந்த இசை கேசட் கடையில்தான் கிடைத்தது. பிடித்த பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிவு செய்யச் சொல்லி, நான்கு நாள் கழித்து வாங்கி வருவேன். அந்தப் பட்டியல் என்னுடையது. இன்று என் மகள் தன் கைப்பேசியில் பாடல்களை அடுக்கி வைக்கும்போது அதே மகிழ்ச்சியைத்தான் அவள் முகத்தில் காண்கிறேன்.

மண்டபத்துக் கரையோரன்:
இருவரும் சென்னையை மட்டுமே நினைக்கிறீர்கள். எங்கள் கரையில் ஆண்டெனா இலங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினிதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் முன்பே இலங்கை வானொலி எங்கள் வீட்டு மனிதர்களில் ஒருவரைப் போல இருந்தது.

திண்ணை நேயர் சொல்வதற்கு வரலாறு எதிராக நிற்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஓரங்கட்டியது. பாட்டைக் குறைத்தால் ரசனை வளரும் என்று அரசு எண்ணியது. நேயர்களோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியின் திரைப்பாடல் சேவையான விவித் பாரதி பிறந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆகவே, கிடைக்காமையால் இசை வளர்ந்தது என்பதை ஏற்க முடியாது.

நாம் உண்மையில் இழந்தது அறிவிப்பாளரை. இலங்கை வானொலியின் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் பாடலை வெறுமனே ஒலிக்க விட்டதில்லை. படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று சொல்லி, கேட்க விரும்பிய நேயர்களின் பெயர்களையும் வாசித்து, பிறகுதான் பாட்டுக்கு வழிவிடுவார்கள். ஒரு மீனவக் குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கவிஞர்களின் பெயரை அறிந்திருந்தது அப்படித்தான்.

திண்ணை நேயர்:
கரையோரனின் கருத்தை ஏற்கிறேன். 'கிடைக்காமை' என்பதை வைத்து வாதாடியது என் பிழை. ஆனால் எதிர்பாராத பாடலைப் பிறரோடு சேர்ந்து கேட்பது வேறு, நாமே அடுக்கிய பாடலைத் தனியே கேட்பது வேறு என்பதில் மாறமாட்டேன். வானொலி அறிவிப்பாளரும் அதைத்தானே செய்தார்?

சன்னல் கம்பி நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி இருந்தது என் மாமாவின் வீட்டில். தெருப்பிள்ளைகளுக்காக அவர் சன்னலைத் திறந்து வைப்பார் என்று இன்றுவரை பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். கதவை ஏன் திறக்கவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சன்னல் கம்பி:
இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி, ஐயா. பெட்டியைக் குறித்து நம் கருத்து வேறாகவே இருக்கட்டும். எழுதியவர் பெயர் சொல்லிப் பாடலை அறிமுகம் செய்யும் வழக்கம் திரும்ப வேண்டும் என்பதில் நான் கரையோரன் பக்கம். இன்றிரவு மகளின் பட்டியலில் உள்ள பாடல்களை எழுதியவர்கள் யார் என்று அவளிடம் கேட்கப்போகிறேன்.