வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா: நம் கன்னியாகுமரி மாவட்டத்து அனுபவங்கள்

குளச்சல்:
கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று அழைத்தபோது வந்த மெக்கானிக், கசிவு எங்கே என்று தேடாமலேயே கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். ஐப்பசி மழை ஓய்வதற்குள் பால் மறுபடியும் திரிந்தது. அடுத்து வந்தவர் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, நைட்ரஜன் ஏற்றி, பின்புறக் குழாய் முழுவதும் சோப்பு நுரையைத் தடவினார். துருவேறிய ஒரு வளைவில் சிறு குமிழி எழும்பி, உடைந்து, மீண்டும் எழும்பியது. "உப்புக்காற்று அரித்துவிட்டது; இதை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்" என்றார். புதியது வாங்கிவிட்டோம். முதலில் வந்தவருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

தக்கலை:
அது கடலோரத்துக்குப் பொருந்தும், எல்லாருக்கும் அல்ல. எங்கள் மிக்ஸியைப் பார்த்த விற்பனைக் கடைக்காரர், மோட்டார் போய்விட்டது, எக்ஸ்சேஞ்சில் தந்துவிடுங்கள் என்றார். மனம் வராமல் வடசேரியில் ஒரு சிறிய கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் அடிப்பக்கத்தைக் கழற்றி, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும், உளுந்தளவுக்குத் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதை மாற்றியதும் மிக்ஸி ஓடியது, இன்றும் ஓடுகிறது. அந்த விற்பனைக் கடையில் நின்ற மற்றவர்கள் எத்தனை நல்ல மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்களோ!

மார்த்தாண்டம்:
என் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றியது, 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை மாற்றியதும் சரியாயிற்று. அவ்வளவுதான். ஆயினும், ஓடுகிறது என்பதற்காகவே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தக்கலை நண்பர் கருதுவதுபோல் தோன்றுகிறது. அதை ஏற்க இயலவில்லை. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் விசிறி 30 வாட் அளவில் நின்றுவிடும். நாள்தோறும் 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாத மின்கணக்கில் ஒரு விசிறிக்கு மட்டும் சுமார் 32 யூனிட் மிச்சம். ஆகவே மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) மாற்றிக் கட்டும் நிலை வந்துவிட்டால் அந்தக் கூலியைப் புதியதில் போடுவதே மேல். ஃப்ரிட்ஜ் விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கம்ப்ரஸரில் ஒட்டிய லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு; சில பத்து கிராம்தான் கொள்ளும், தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தக்கலை:
கணக்கு சரிதான், அண்ணாச்சி. ஆனால் அந்த விசிறிக்குள் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. சித்திரை மாத இடிமின்னலில் அது போனால் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பலகைதான் பொருந்தும். அது மார்த்தாண்டத்தில் எங்கே கிடைக்கிறது, என்ன விலை ஆகிறது என்பதையும் சேர்த்தல்லவா கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்?