ஈராக் 2003: மார்ச் முதல் வாரத்தில் நீங்கள் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்?

கடலாடி:
ஈராக் போர் என்று வாயெடுத்தாலே "கடைசியில் ஒரு பேரழிவு ஆயுதமும் கிடைக்கலையே" என்று ஒரே போடாகப் போட்டு இழையை மூடிவிடுகிறார்கள். அது பிறகு தெரிந்த சங்கதி. நடந்து முடிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியும். 2003 மார்ச் முதல் வாரத்தில் ஐநா பாதுகாப்பு அவையின் மேசைமேல் இருந்ததை மட்டும் வைத்துச் சொல்லுங்கள். போர் வேண்டாம், ஆயுதச் சோதனை தொடரட்டும் என்று பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா எடுத்த நிலை சரியா?

என் பக்கம் இது. 2002 நவம்பர் 8-இல் தீர்மானம் 1441. பதினைந்து நாடுகளும் ஆதரித்தன, சிரியா உட்பட. ஆயுதங்களைக் களைய ஈராக்குக்கு இது கடைசி வாய்ப்பு, மீறினால் கடுமையான விளைவு என்று எழுதியே கொடுத்தார்கள். ஈராக் அதிபர் சதாம் டிசம்பரில் ஆயுதக் கணக்கு என்று அனுப்பியது ஏறக்குறைய 12,000 பக்கம், பெரும்பாலும் பழைய சரக்கு. ஐநா ஆயுத ஆய்வாளர் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே ஜனவரி 27 அன்று, ஆயுதக் களைவை ஈராக் மனதார ஏற்றதாகத் தெரியவில்லை என்றார். 6,500 ரசாயனக் குண்டுகளுக்குக் கணக்கு இடிக்கிறது என்றும் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும் "இன்னும் கொஞ்ச நாள்" என்றால், 1441-க்குக் கை தூக்கியது எதற்கு?

நூலகப்பூனை:
மார்ச் முதல் வாரம் என்று எல்லை போட்டுவிட்டு ஜனவரி 27-லேயே நின்றுவிட்டீர்களே. மார்ச் 7 அதே வாரம்தான். அன்று அதே மேசைக்கு வந்தவை:

சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய், நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்றார். அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டுவதற்கு என்ற வாதத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். பிப்ரவரி 5-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பவல் அவையில் அடுக்கிய அணுஆயுதக் குற்றச்சாட்டின் முதுகெலும்பே அந்தக் குழாய்கள்தான்.

பிளிக்ஸ் அன்று சொன்னதையும் படியுங்கள். ஈராக்கின் அல் சமூத் 2 ஏவுகணைக்கு அனுமதித்த எல்லை 150 கிலோமீட்டர். சோதனையில் ஒன்று 183 வரை போயிருந்தது. தாண்டியது தாண்டியதுதான், அழியுங்கள் என்று உத்தரவு போட்டார். மார்ச் 1-இல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் 34 ஏவுகணைகளை ஈராக்கியர்களே நசுக்கினார்கள். "நாம் பார்த்துக்கொண்டிருப்பது பல்குத்தும் குச்சிகளை உடைப்பதை அல்ல" என்று அவையில் சொன்னார். அல் அஜீசியா என்ற இடத்தில், 1991-இல் தாங்களே அழித்ததாகச் சொன்ன உயிரியல் குண்டுகளின் சிதிலங்களை மண்ணைத் தோண்டி எடுத்து, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் முன் வைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு இடிக்கிறது என்றீர்களே, அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை அந்த வாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. மீதி வேலைக்கு ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும் என்றார் பிளிக்ஸ். பத்தாவது நாள் சதாமுக்கு புஷ்ஷின் 48 மணி நேரக் கெடு.

மாசிலாமணி:
தம்பி கடலாடி, 1983 டிசம்பரில் ரம்ஸ்ஃபெல்ட் அமெரிக்கத் தூதுவராக பாக்தாத் போய் சதாமுக்குக் கை கொடுத்த படம் பார்த்திருக்கிறீர்களா? ஈரான் சிப்பாய்கள் மேல் விஷவாயு விழுந்துகொண்டிருந்த காலம் அது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்கள் ஐயாயிரம் பேர் போல ஒரே நாளில் செத்தார்கள். அப்போதெல்லாம் வராத கோபம் பதினைந்து வருஷம் கழித்து வந்தது என்றால் நான் நம்பணுமா? எண்ணெய், எண்ணெய், எண்ணெய்.

கடலாடி:
ஐயா, அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டது அயோக்கியத்தனம். அதனால் இன்றைக்கும் மூடிக்கொள் என்கிறீர்களா? ஹலப்ஜாவை நீங்கள் எடுத்ததே என் வாதத்துக்குத்தான் பலம். இவன் வைத்திருந்தவன் மட்டுமல்ல, சொந்த மக்கள்மேலேயே பயன்படுத்தியவன்.

பூனையாருக்கு: ஏவுகணை நசுங்கியது உண்மை. ஏன் நசுங்கியது? 1998 டிசம்பருக்குப் பிறகு நான்கு வருஷம் ஒரு ஆய்வாளர்கூட ஈராக்குக்குள் கால் வைக்க முடியவில்லை. அந்த நான்கு வருஷமும் பாரிஸும் மாஸ்கோவும் என்ன செய்தன? தடையைத் தளர்த்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தன. 2002 நவம்பரில் கதவு திறந்ததற்கு ஒரே காரணம், வாசலில் படை சேர ஆரம்பித்தது. படையின் நெருக்கடி இல்லாமல் இது நடந்திருக்காது என்று பிளிக்ஸே ஒப்புக்கொண்டவர். இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தி, கோடை வரும்வரை மணலில் உட்காரவைக்க முடியுமா? பயம் வேலை செய்ய வேண்டுமென்றால் அது மெய்யாக இருக்க வேண்டும். பிரெஞ்சு அதிபர் ஷிராக் மார்ச் 10 அன்று தொலைக்காட்சியில், எந்தச் சூழலிலும் எதிர்த்தே ஓட்டுப் போடுவோம் என்றார். அந்த நிமிஷமே சதாமுக்குப் பயம் போயிருக்கும்.

குவைத்வாசி:
நான் அப்போ குவைத்ல சால்மியாவுல இருந்தேன். இங்க தீர்மானம், ஓட்டுன்னு பேசறீங்க. எங்க பிளாட்டுல பாத்ரூம் ஜன்னல் இடுக்குல பிளாஸ்டிக் ஷீட் வச்சு பிரவுன் டேப் ஒட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு நாள்ல ஈரத்துல டேப் உரிஞ்சிடும், மறுபடி ஒட்டணும். மாஸ்க் எல்லாருக்கும் கிடைக்கல. சைரன் அடிச்சா மூணு மலையாளி, ரெண்டு தமிழன், ஒரு பங்களாதேஷ்காரர், எல்லாரும் அந்த ஒரே பாத்ரூம்ல. மார்ச் கடைசில ஒரு ஏவுகணை சூக் ஷர்க் மால் பக்கத்துல வந்து விழுந்துச்சு. அதுல விஷவாயு இல்லன்னு காலையில சொன்னாங்க. ராத்திரி எங்களுக்கு எப்படித் தெரியும்?

1990-ல அந்த ஊரையே சூறையாடிட்டுப் போன ஆள் அவர். குவைத்காரன் எவனும் பிரான்ஸ் பேசினதைக் கேட்டுக் கை தட்டல.

நூலகப்பூனை:
குவைத்வாசி, அந்தப் பயம் மெய்யானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏவுகணை வந்தது போர் தொடங்கிய பிறகு. சோதனை நடந்துகொண்டிருந்த மூன்றரை மாதத்தில் உங்கள் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

கடலாடி, படையின் நெருக்கடியால் கதவு திறந்தது என்பதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: நெருக்கடி பலன் கொடுக்க ஆரம்பித்த வாரத்திலேயே சோதனையை நிறுத்தினால் நெருக்கடி எதற்காகக் கொடுக்கப்பட்டது? வெயில் வந்துவிடும், படை காத்திருக்காது என்பது தளவாடக் காரணம். அதற்காக ஒரு நாட்டின்மேல் போர் தொடுக்க முடியாது. படையைச் சுழற்சியில் மாற்றலாம், பாதியைத் திருப்பி அனுப்பலாம். செலவு ஆகும். போருக்கும்தான் ஆனது.

1441-க்கு வருவோம். ஓட்டெடுப்பு நடந்த அன்றே அமெரிக்கத் தூதர் நெக்ரோபோன்டே, இதில் மறைந்திருக்கும் விசை எதுவும் இல்லை, தானாகவே போருக்கு இட்டுச்செல்லும் ஏற்பாடும் இல்லை என்று அவையில் உறுதி சொன்னார். அந்த உறுதியில்தான் பதினைந்து கைகள் உயர்ந்தன.

கடலாடி:
அதே பேச்சை முழுசாகப் படியுங்கள். பாதுகாப்பு அவை உறுதியாக நடக்கத் தவறினால், தற்காத்துக்கொள்ள எந்த நாடு முன்வந்தாலும் இந்தத் தீர்மானம் தடுக்காது என்றும் அவர் சொன்னார். இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பிரான்ஸ் கை தூக்கியது. ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆய்வாளர்களை இவ்வளவு நம்புகிறீர்களே, 1991 முதல் 1995 வரை அதே ஆய்வாளர்கள் நாடு முழுக்கச் சுற்றியும் உயிரியல் ஆயுதத் திட்டத்தின் முழு அளவு வெளியே வந்தது எப்போது? சதாமின் மருமகன் ஹுசைன் கமால் ஜோர்டானுக்கு ஓடிய பிறகு.

நூலகப்பூனை:
நல்லவேளை கமாலை நீங்களே கூப்பிட்டீர்கள். அதே கமால், ஐநா ஆட்களிடம் எல்லா ஆயுதங்களையும் அழிக்க உத்தரவிட்டது நான்தான் என்றும் சொன்னார். அந்தப் பேட்டியின் எழுத்துப்படி 2003 பிப்ரவரி கடைசியிலேயே வெளியே கசிந்துவிட்டது. பவல் தன் உரையில் கமாலின் பெயரைச் சொன்னார், இந்தப் பகுதியைச் சொல்லவில்லை. இதுவும் நீங்கள் போட்ட எல்லைக்குள்தான் வருகிறது.

எண்கணக்கு:
இடையில் ஒன்று. மார்ச் 1, துருக்கி நாடாளுமன்றம். அமெரிக்கப் படை தங்கள் மண் வழியாகப் போக அனுமதிக்கலாமா என்று ஓட்டெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதான் அதிகம், ஆனாலும் தீர்மானம் தோற்றது. வந்திருந்தோரில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி, மூன்று ஓட்டுக் குறைந்தது. வடக்குப் போர்முனைத் திட்டமே அதோடு போச்சு. பாரிஸைத் திட்டுகிறவர்கள் நேட்டோவுக்குள்ளேயே இருக்கும் அங்காராவை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

மாசிலாமணி:
நம்ம வாஜ்பாய் அரசுகூட, அமெரிக்காவோடு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே, ஐநா ஆணை இல்லாமல் படை அனுப்ப மாட்டோம் என்று 2003 ஜூலையில் சொல்லிவிட்டது. பாஜக ஆட்சியை நான் பாராட்டுகிற இடம் ரொம்பக் குறைவு, இது ஒன்று.

கடலாடி:
எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்தைக் கொண்டுவந்து சட்டப்படியே போக பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் தலைகீழாக நின்றார். வீட்டோவைக் காட்டி அதைக் கொன்றது பிரான்ஸ். பிறகு "ஐநா அனுமதி இல்லாத போர்" என்று குற்றம் சொல்வதும் அவர்களே.

நூலகப்பூனை:
வீட்டோ கொன்றது என்பது லண்டன் கட்டிய கதை. வீட்டோவுக்கு வேலை வர முதலில் 9 ஓட்டு வேண்டும். கையில் இருந்தவை நான்கு: அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், பல்கேரியா. முடிவு சொல்லாமல் நின்ற ஆறு நாடுகள் சிலி, மெக்சிகோ, அங்கோலா, கேமரூன், கினி, பாகிஸ்தான். இவற்றில் எது சதாமின் சிநேகிதன்? மெக்சிகோ அமெரிக்காவின் பக்கத்து வீடு, ஏற்றுமதியே அங்கேதான். வாஷிங்டனுக்கு "இல்லை" சொன்னால் அடி தங்களுக்குத்தான் என்று தெரிந்தவர்கள். அப்படியும் தலையாட்டவில்லை. சிலி சில வாரக் கெடுவோடு ஒரு நடுவழி கொண்டுவந்தது, வெள்ளை மாளிகை அதையும் ஒதுக்கித் தள்ளியது. மார்ச் 17-இல் வரைவை ஓட்டுக்கே விடாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே பிளேரின் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் விலகினார். அவரும் பிரெஞ்சுக்காரர் இல்லை.

குவைத்வாசி:
சரி மேடம், போர் வேண்டாம். சதாம்? இன்னும் இருபது வருஷம் அவரும், அவருக்கப்புறம் அவர் மகன் உதேயும் இருந்திருக்கலாம்னு சொல்றீங்களா? 1991-ல தெற்கே எழுந்த ஜனங்களை என்ன பண்ணாருன்னு பாஸ்ராக்காரங்க வாயால கேட்டிருக்கேன்.

நூலகப்பூனை:
அது நியாயமான கேள்வி. ஆனால் அவையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு ஓட்டுக் கோரவில்லை. கொடுங்கோலனை இறக்குவதற்கு என்று தீர்மானம் எழுதியிருந்தால் விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். அடுத்த நாள் யார் ஆள்வது, ராணுவத்தை என்ன செய்வது என்றெல்லாம் அங்கேயே பேசியாக வேண்டியிருக்கும். ஆயுதம் என்று சொல்லி உள்ளே போனதால் அதையெல்லாம் யாரும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. மே மாதம் அமெரிக்கா நியமித்த நிர்வாகி பிரெமர் ஈராக் ராணுவத்தை ஒரே கையெழுத்தில் கலைத்தார். சில லட்சம் பேர், துப்பாக்கியோடு, சம்பளம் இல்லாமல்.

மட்டுறுத்துநர்:
மாசிலாமணி ஐயாவின் ஒரு பின்னூட்டம் நீக்கப்பட்டது. கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

கடலாடி:
மே மாதம் என் எல்லைக்கு வெளியே, அதனால் அதற்குள் போகவில்லை. கடைசியாக ஒன்று. அதே 2003 ஜனவரியில் வட கொரியா அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. யாரும் படை அனுப்பவில்லை, பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 2006 அக்டோபரில் குண்டு வெடித்துக் காட்டினார்கள். பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

நூலகப்பூனை:
வருகிறேன். பியோங்யாங்கில் இருந்தவர்கள் ஆய்வாளர்களை உள்ளே விட்ட பாக்தாதுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் அந்த ஆறு நாடுகள் ஏன் அசையவில்லை என்பதற்கு ஒரு வரி பதில் இந்த இழையிலேயே போட்டுவிடுங்கள்.