யாங்கூனில் மீன் வாசம் இல்லாத மதியச் சாப்பாடு?

தஞ்சாவூரான்:
எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் யாங்கூன் வந்து குடும்பத்தோடு இருக்கிறேன். நான் எதையும் சாப்பிடுவேன், மனைவி சைவம், முட்டை மட்டும் உண்டு. பிரச்சினை இந்த ஙப்பிதான், மீனையோ இறாலையோ புளிக்கவைத்து அரைக்கிற விழுது. கீரைப் பொரியல் என்று நம்பி வாங்கினால் அதற்குள் காய்ந்த இறால் கிடக்கிறது. இன்னொன்று, கடைக் கோழிக் குழம்பில் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கிறதே, அதைக் கலந்து சாப்பிடுவதா, வடித்துவிடுவதா? தினமும் இந்திய ஓட்டலுக்குப் போனால் கட்டுப்படியாகாது. இங்கே பழகினவர்கள் சொல்லுங்கள்.

பெகு_பொண்ணு:
தம்பி, முதலில் எண்ணெய் விஷயம். காலையில் ஒரே தடவை சமைத்துச் சட்டியோடு நாள் முழுக்க வைத்து விற்பார்கள், மேலே எண்ணெய் மூடியிருந்தால் குழம்பு சீக்கிரம் கெடாது என்பார்கள். அதற்குத்தான் எண்ணெய் பிரிகிற வரை வதக்குவது. கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சோற்றுக்கடையில் ஒரு கறிக்குத்தான் காசு. புளிப்பு சூப், பச்சைக் காய்கறித் தட்டு, தொட்டுக்கொள்ள ஙப்பித் தண்ணி எல்லாம் கேட்காமலே வரும், பிடிக்காவிட்டால் அந்தக் கிண்ணத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மனைவிக்கு "தெத்தத்லுத்" என்று சொல்லிக் கேளுங்கள், கறி மீன் எதுவும் படாத சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். வாசோ பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் வரை, அதாவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, மழைக்கால நோன்பு என்று பௌத்தர்களிலேயே நிறையப் பேர் கறியை விட்டுவிடுவார்கள், அப்போது கேட்பது இன்னும் சுலபம். புளிச்சக்கீரையை இங்கே சின்பௌங் என்பார்கள், மூங்கில் குருத்து போட்டு வதக்குவார்கள், நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் இறால் அதில்தான் ஒளிந்திருக்கும். அதை வீட்டில் செய்துகொள்வதே மேல்.

காலைக்குக் கவலையே வேண்டாம். தெருவில் "பே பியோக்" என்று கூவிக்கொண்டு வருவார்கள், முளைகட்டி வேகவைத்த பட்டாணி. வெங்காயம், மஞ்சள் போட்டு ஒரு புரட்டு புரட்டி டீக்கடை நான் ரொட்டியோடு சாப்பிட்டால் பதினோரு மணி வரை பசிக்காது.

மண்டலேவாசி:
அக்கா ஷான் டோஃபுவை விட்டுவிட்டார்களே. அது சோயா இல்லை சார், கடலை மாவைக் கரைத்துக் களி மாதிரி கிண்டி ஆறவைத்து வெட்டுவது. ஆறுவதற்கு முன்னால் சூடாக, கெட்டிக் கஞ்சிப் பதத்தில் நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவது இன்னும் ருசி. மொஹிங்கா என்கிற அரிசி நூடுல்ஸ் சூப் மட்டும் உங்கள் மனைவிக்கு ஆகாது. வாழைத்தண்டு போடுகிறார்களே என்று ஏமாற வேண்டாம், அடிப்படையே கெளுத்தி மீன் சாறு. லபெத், அதாவது ஊறவைத்த தேயிலை, அதைக் காய்ந்த இறால் இல்லாமல் கேட்டு வாங்கலாம். வறுத்த பருப்பு, எள், பூண்டு, தக்காளி எல்லாம் போட்டுப் பிசைந்து தருவார்கள். ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் போய்விடும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அதற்காகவே சாப்பிடுவார்கள்.

நேர்ப்பேச்சு:
இவ்வளவு சுற்றுவானேன்? அனவ்ரதா சாலையில் காளி கோவில் இருக்கிறது, 1871ல் நம் ஆட்கள் கட்டியது, அந்தப் பக்கம் சாயங்காலம் நடந்தால் தள்ளுவண்டியில் தோசை சுடுவான். நம் ஊர் தோசை என்று எதிர்பார்க்காதீர்கள், வேகவைத்த பட்டாணியும் தக்காளியும் தூவி மொறுமொறுவென்று தருவான், எனக்கு இதுதான் பிடிக்கிறது. இட்லிக்கு வீட்டில் அரையுங்கள். இந்தியா வெளியே வாங்குகிற உளுந்தில் பெரும்பகுதி பர்மா உளுந்துதான், தஞ்சாவூரில் நீங்கள் சாப்பிட்டதே இங்கே விளைந்ததாக இருக்கலாம். கரண்ட் போகிற நேரம் பார்த்து கிரைண்டர் போட்டால்தான் வம்பு.

தஞ்சாவூரான்:
எல்லோருக்கும் நன்றி. தெத்தத்லுத் இன்றைக்கே வேலை செய்தது, பூசணிக்காய்க் கறியும் பருப்பு சூப்பும் வந்தன. ஒரு சின்னச் சந்தேகம். டீக்கடையில் பையனைக் கூப்பிட முத்தம் கொடுக்கிற மாதிரி "ப்ச் ப்ச்" என்கிறார்களே, நாமும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமா? மனைவி முறைக்கிறாள்.

பெகு_பொண்ணு:
வேண்டவே வேண்டாம் தம்பி. நீங்கள் "ஞீலே" என்று கூப்பிடுங்கள், உங்கள் மனைவி "மௌங்லே" என்று கூப்பிடட்டும், இரண்டும் தம்பிதான், ஆண் கூப்பிட்டால் ஒன்று, பெண் கூப்பிட்டால் ஒன்று. காசு கொடுக்கும்போது வலது கையால் கொடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் இருக்கிற வெறும் தேநீருக்குக் காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.