லான் வெட்டுன புல்ல அப்படியே விடலாமா, பையில பிடிச்சு அள்ளணுமா?

மலைவீடு:
ஏற்காட்டுல வீட்டு முன்னாடி லான் போட்டிருக்கோம்ங்க, பாதி நல்ல வெயில், பாதி சில்வர் ஓக் நிழல். புதுசா வாங்குன மோவர்ல பையும் இருக்கு, பைய கழட்டிட்டு வெட்டுன புல்ல பொடியாக்கி அங்கேயே விழ வைக்குற மல்ச்சிங் பிளக் மாட்டுற வசதியும் இருக்கு. தோட்ட வேலைக்கு வர்ற அண்ணன், அள்ளலைன்னா அடியில மெத்தையா கட்டிக்கும், புல்லு வீணாப்போயிடும்ங்கிறாரு. கடையில என்னடான்னா அப்படியே விடுங்க, உரச்செலவு மிச்சம்ங்கிறாங்க. மழை பிடிச்சா இங்க ஈரமே காயாது, அதான் யோசனையா இருக்கு.

கன்னங்குறிச்சிக்காரன்:
தாராளமா விடுங்க. வெட்டுன புல்லுல 80 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், பொடியா விழுந்தா சீக்கிரமே மக்கிடும். அதுல இருக்குற தழைச்சத்து மண்ணுக்கே திரும்பிப் போறதால வருஷத்துக்கு போடுற யூரியாவுல கால்வாசி வரைக்கும் குறைக்கலாம். அடியில மெத்தையா கட்டுறது பெரும்பாலும் செத்த வேரும் கொடித்தண்டும்தான், அதுல லிக்னின்ங்கிற கெட்டியான மரப்பொருள் ஜாஸ்தி, அதான் மக்க மாட்டேங்குது. கொரியன் புல்லுல அது தானாவே வரும், அள்ளினாலும் வரும்.

ஆனா ஒண்ணு, ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. 2 இன்ச் உயரம் வேணும்னா 3 இன்ச் வரும்போதே மெஷின எடுத்துடணும். கத்தியும் கூரா இருக்கணும், இல்லைன்னா புல்லு நுனி பிய்ஞ்சு நார் நாரா வெளுத்து நிக்கும். சேலத்து வெயிலுக்கு நாங்க கோடையில பையே மாட்டுறதில்ல, மண்ணு சட்டுனு காயாம இருக்குறதே பெரிய விஷயம்.

காப்பித்தோட்டம்:
அவர் சொல்றது சரிதாங்க, ஆனா அது கீழ. மேல நம்ம ஊர்ல அக்டோபர் நவம்பர் மழையில ஈரப்புல்ல வெட்டினா பொடியா விழாது, மோவர் அடியில அப்பிக்கிட்டு உருண்டை உருண்டையா கொட்டும். அத ரெண்டு நாள் விட்டுட்டு கையால தூக்கிப் பாருங்க, உள்ள கதகதன்னு சூடா இருக்கும், கீழ இருக்குற புல்லு மஞ்சளாயிருக்கும். அதனால மழையில பை மாட்டுங்க, வெயில் அடிச்சா பிளக் போடுங்க. நிழல் பக்கம் வெட்டுறத இன்னும் கொஞ்சம் ஒசரமாவே விடுங்க. புல்லுல பூஞ்சை வட்டம் தெரிஞ்சாலோ களை விதை கட்டியிருந்தாலோ அப்பவும் அள்ளிடணும், இல்லைன்னா நாமளே லான் பூரா தூவி விட்ட மாதிரி ஆயிடும்.

அள்ளுனத தூக்கிப் போடாதீங்க, மனசு கேக்காது எனக்கு. தனியா குவிச்சா நாறும், காஞ்ச சில்வர் ஓக் சருக மாத்தி மாத்தி அடுக்குங்க, சருகு ஜாஸ்தி இருக்கட்டும், நல்ல மட்கு கிடைக்கும்.

மலைவீடு:
ரொம்ப நன்றிங்க, அப்ப மழை முடியுற வரைக்கும் பைதான். பக்கத்துல மாட்டுக்கு கேக்குறாங்க, குடுக்கலாமா?

காப்பித்தோட்டம்:
களைக்கொல்லி, பூச்சி மருந்து எதாவது அடிச்சிருந்தா கண்டிப்பா வேணாம், காய்கறிப் பாத்திக்கும் அந்தப் புல்ல போடாதீங்க. மருந்தே அடிக்காததுன்னாலும் மெஷின்ல நறுக்குனது குவிச்சு வச்சா சீக்கிரம் சூடேறிப் புளிச்சிடும், மாட்டுக்கு வயிறு உப்பிக்கும். அவங்களையே வந்து அருவாள்ல அறுத்துட்டுப் போகச் சொல்லுங்க.