கடலூர் – நெல்லிக்குப்பம் சாலையில் இரவு மிதிவண்டி: குழியைக் கண்டதும் பிரேக் பிடிப்பதா, ஒடிப்பதா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தான்

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் கடையை இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அடைக்கிறார்கள். அதன்பின் கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியில் வரக்கால்பட்டு வழியாக நெல்லிக்குப்பத்திற்குத் திரும்புகிறேன். ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் விளக்கு இருப்பதில்லை. மழைக்குப் பிறகு எங்கே பள்ளம், எங்கே வெறும் ஈரம் என்று தெரிவதில்லை. கரும்பு அரவைக் காலத்தில் டிராக்டர்களிலிருந்து விழும் கழிகளும் சாலையில் கிடக்கின்றன. இப்படி ஏதேனும் திடீரென எதிர்ப்பட்டால் பிரேக் பிடிப்பதா, ஒடித்து விலகுவதா, அப்படியே ஏற்றிவிடுவதா? வண்டியில் பழைய டைனமோ விளக்கு இருக்கிறது. அது போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கெடிலக்கரை

ஐயா, எதைச் செய்வது என்பது எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போனால் எட்டு மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் நான்கு மீட்டராவது வேண்டும். ரிம்மும் பிரேக் கட்டையும் நனைந்திருந்தால் இந்த இரண்டாவது தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே 15 மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காட்டாத விளக்கை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போகக் கூடாது.

டைனமோவின் குறை, வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறைவது. அதாவது பள்ளத்தைப் பார்த்து வேகத்தைத் தணிக்கும் நேரத்தில்தான் விளக்கு மங்கும். எனவே சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஹேண்டில்பாரில் பொருத்திக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் வெளிச்சத்தில் குழியின் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் சாலை சமதளம்போலத் தோன்றும். விளக்கு தாழ இருந்தால் குழியின் விளிம்பு நிழலாகத் தெரியும்.

நீங்கள் கேட்ட ஈரத்திற்கும் ஓர் அடையாளம் உண்டு. தேங்கிய நீர் உங்கள் வெளிச்சத்தை முன்னோக்கியே தெறிக்கவிடுவதால் உங்களுக்குக் கறுப்புத் திட்டாகத் தெரியும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் அதே நீர் பளபளக்கும். ஆழம் தெரியாத கறுப்புத் திட்டைப் பள்ளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பாகூர் மிதிவண்டி

கெடிலக்கரை சொன்ன கணக்கு சரிதான், ஆனால் நம் சாலைகளில் அந்த 15 மீட்டர் பல நேரங்களில் கிடைப்பதில்லை. எதிரே வருபவர் ஹை பீமைத் தணிக்காமல் வந்தால் எந்த விளக்கும் உதவாது. அப்போது அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தபடி மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் கடந்த பிறகும் கண் இருட்டுக்குப் பழகும்வரை வேகமெடுக்க வேண்டாம்.

குழி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டதென்றால் ஒடிக்காதீர்கள் என்பது என் கருத்து. பின்னால் வரும் டிப்பருக்கோ பேருந்துக்கோ நீங்கள் விலகப்போவது தெரியாது. குழிக்கு முன்பே முடிந்த அளவு பிரேக் பிடியுங்கள். சக்கரம் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். முன் பிரேக் பிடித்தபடி முன் சக்கரம் எதிர் விளிம்பில் மோதினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, இருக்கையிலிருந்து சற்றே எழும்பி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி நேராக இறங்கி ஏறினால், அதிர்ச்சியைக் கையும் காலும் வாங்கிக்கொள்ளும். டயரில் காற்று குறைவாக இருந்தால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் விழும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது காற்றைப் பாருங்கள்.

கரும்புக்கழி வேறு வகை. அது உருளும். சக்கரம் அதன்மேல் சாய்வாக ஏறினால் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழிக்குச் செங்குத்தாக, பிரேக் இல்லாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் ஏற்றுங்கள். வழியில் ரயில்வே கேட் தண்டவாளம் குறுக்கிட்டாலும் இதே முறைதான். கழிகளைவிட எனக்கு அச்சம் தருவது, பின்விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் நிறுத்தப்பட்ட லோடு டிரெய்லர்தான். வெளியே நீட்டியிருக்கும் கரும்பின் நுனி முகத்தின் உயரத்தில் இருக்கும்.

மறுகேள்வி: நெல்லிக்குப்பத்தான்

இருவருக்கும் நன்றி. எதிரே பேருந்து வரும்போது தாரின் ஓரத்திலிருந்து மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது. திரும்ப ஏறும்போதுதான் சக்கரம் தடுமாறுகிறது. மாடுகளை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: கெடிலக்கரை

மண்ணில் இறங்கிவிட்டால் ஓடும் வேகத்திலேயே சாய்வாக ஏற முயலாதீர்கள். தாரின் விளிம்பு இரண்டு மூன்று விரல் உயரம் இருந்தாலே டயர் ஏறாமல் அதை உரசிக்கொண்டே போகும், வண்டி சரியும். மண்ணிலேயே வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்துவிட்டு, ஹேண்டிலை நன்கு திருப்பி ஏறுங்கள்; விளிம்பு அதற்கும் உயரமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுவதே நல்லது.

மாட்டின் கண்ணும் நாயின் கண்ணும் விளக்கொளியில் மின்னும், ஆனால் நம் பக்கம் பார்த்திருந்தால் மட்டுமே. முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கும் எருமையைக் காட்டித்தர எதுவும் இல்லை. மழைக்குப் பின் மாடுகள் ஈரத் தரையை விட்டுத் தார்ச்சாலையில் வந்து படுக்கும். ஒரு மாடு தெரிந்தால் அருகில் இன்னும் சில இருக்கும் என்று கருதி, அந்த இடம் முழுவதையும் நடை வேகத்தில் கடந்துவிடுங்கள்.